சீட்டு எடுத்தவர் ஏன் தொடர்ந்து கட்டுகிறார்?

கேள்வி: எங்கள் லயத்தில் பத்துப் பேர் மாதம் 5,000 ரூபாய்ச் சீட்டுப் போடுகிறோம். முதல் சீட்டை எடுத்தவர் 50,000 ரூபாயை வாங்கிக்கொண்டு மீதியைக் கட்டாமல் விடுவதுதான் புத்திசாலித்தனம், கேம் தியரி அப்படித்தான் சொல்கிறது என்கிறான் கம்பஸில் படிக்கும் என் மகன். அப்படியென்றால் நாங்கள் எல்லோரும் முட்டாள்களா?
– வாசகி, நோர்வூட்

பதில்: ஒருவர் முடிவு மற்றவரைப் பாதிக்கும் இடத்தில் யாருக்கு எது லாபம் என்று பார்க்கும் கணக்குத்தான் கேம் தியரி. ஒரே தடவை ஆடும் ஆட்டமென்றால் தம்பி சொல்வது சரி. இன்னும் கட்டவேண்டியது 45,000. காசை மட்டும் பார்த்தால் கட்டாதவருக்கே லாபம். எல்லோரும் இதை முன்கூட்டியே கணக்குப் பார்த்தால் சீட்டே தொடங்காது. ஆனால் தோட்டத்தில் யார் ஒரு சீட்டோடு நிற்கிறார்கள்?

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் அக்செல்ரொட் 1980 வாக்கில் இதைக் கம்ப்யூட்டரில் சோதித்தார். ஒத்துழைக்கலாம், இல்லை ஏமாற்றலாம் என்று இரண்டே வழியுள்ள ஆட்டம். நிபுணர்கள் 14 புரோகிராம்கள் அனுப்பினார்கள். ஒவ்வொரு மோதலிலும் 200 ஆட்டம். வென்றது அனடோல் ரப்போபோர்ட் அனுப்பிய மிகச் சிறிய புரோகிராம்: முதலில் ஒத்துழை, அப்புறம் எதிராளி போன தடவை செய்ததையே நீயும் செய். 62 புரோகிராம்கள் வந்த இரண்டாம் போட்டியிலும் அதுவே வென்றது. இத்தனைக்கும் அதனால் எந்த எதிராளியையும் தனியாக முந்த முடியாது; மொத்தப் புள்ளியில்தான் முன்னுக்கு வந்தது.

உங்கள் லயத்தில் இதைவிடப் பலமான பிடி இருக்கிறது. சீட்டில் ஏமாற்றியவருக்கு அடுத்த சீட்டில் இடமில்லை என்பதோடு விஷயம் முடியாது. கடனுக்குப் பிணைக் கையெழுத்து, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள், சாவு வீட்டுக்கு வரும் கூட்டம் எல்லாமே அதே ஒன்பது வீடுகளிலிருந்துதான் வரவேண்டும்.

பிடி தளர்வது, யாராவது ஊரைவிட்டுப் போகத் தயாராகும்போது. மஸ்கெலியாப் பக்கத் தோட்டமொன்றில் என் அம்மா சீட்டுப் பிடித்தார். மத்திய கிழக்குக்குப் பாஸ்போர்ட் எடுத்த வீட்டுக்கு எப்போதும் கடைசி நம்பர்தான் விழும். குலுக்கல் என்றுதான் பெயர். துண்டுகளை மடித்தது அம்மா! நியாயமா என்று கேட்டால் நான் அம்மா பக்கம்தான்.

இன்னொன்று. கொழுந்து குறைந்த மாதத்தில் ஒருவர் பத்தாம் திகதி கட்டாமல் இருபதாம் திகதி கட்டினால் அதை ஏமாற்று என்று எடுக்காதீர்கள். பதிலுக்குப் பதில் என்று மட்டும் ஆடினால் ஒரு தவறான புரிதலே இரண்டு பேரையும் மாறிமாறிப் பழிவாங்க வைத்துவிடும். இடைக்கிடை மன்னிக்கும் ஆட்டக்காரர் அந்த நிலையில் கூடுதலாகச் சம்பாதிக்கிறார் என்று மார்ட்டின் நோவாக்கும் கார்ல் சிக்மண்டும் 1992இல் காட்டினார்கள்.

கேள்வி: 'கைதிகளின் சிக்கல்' கதையில் வரும் கைதிகள் உண்மையாக இருந்தவர்களா?
– வாசகர், பொகவந்தலாவை

பதில்: இல்லை. பிடிபட்ட இரண்டு பேர், கூட்டாளியைக் காட்டிக்கொடுப்பதா, வாய் திறக்காமல் இருப்பதா என்று தனித்தனியாக முடிவெடுக்கும் கதை அது; மேலே சொன்ன இரண்டு வழி ஆட்டமேதான். 1950இல் அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் மெரில் ஃபிளட், மெல்வின் டிரெஷர் இருவரும் உருவாக்கியது வெறும் எண் அட்டவணை. உளவியலாளர்களுக்கு விளக்கப்போன கணிதப் பேராசிரியர் ஆல்பர்ட் டக்கர்தான் அதே ஆண்டில் கைதிகளைக் கற்பனை செய்து சேர்த்தார். ஃபிளட்டும் டிரெஷரும் தெரிந்தவர்கள் இருவரை 100 தடவை ஆடவைத்துப் பார்த்தார்கள். கணக்குப்படி ஒவ்வொரு தடவையும் இருவரும் ஏமாற்றியிருக்கவேண்டும். 60 தடவை இருவரும் ஒத்துழைத்தார்கள். அந்தக் கணக்குக்கு அடிப்படையான கோட்பாட்டை வகுத்த கணித அறிஞர் ஜோன் நேஷ், அது பொய்த்துவிட்டதாக ஒப்புக்கொள்ளவில்லை. நீங்கள் வைத்தது நூறு ஆட்டமல்ல, நூறு நகர்வுள்ள ஒரே பெரிய ஆட்டம் என்றார்.