வெளிக்கு நான்கு பரிமாணங்கள் இருந்தால் பூமி சூரியனைச் சுற்றுமா?

சுற்றத் தொடங்கலாம், ஆனால் நீடிக்காது. காலத்தை விட்டுவிட்டு, நீளம், அகலம், உயரம் தவிர இன்னொரு திசையும் உள்ள வெளியைத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். ஈர்ப்பு பலவீனமாகிவிடும், அதனால்தான் என்று சிலர் சொல்வார்கள். சூரியனைக் கனமாக்கினால் அந்தக் குறை தீர்ந்துவிடும். பாதை கொஞ்சம் பிசகினால் அதைத் திருத்த ஆளில்லாமல் போவதுதான் உண்மையான சிக்கல்.

முதலில் விசை. விளக்கின் ஒளிபோலவே ஈர்ப்பும் எல்லாத் திசையிலும் பரவுகிறது. நம் வெளியில் அது பரவும் கோளப்பரப்பு தொலைவின் இருமடியாக (தொலைவு × தொலைவு) வளர்வதால், விசை இருமடிக்கு எதிர்த்தகவில் குறைகிறது. நான்கு பரிமாணத்தில் அந்தப் பரப்பு மும்மடியாக வளரும். விசையும் மும்மடிக்கு எதிர்த்தகவில் குறையும். ஐந்தில் நான்மடி.

இதற்கு எதிராக நிற்பது மையவிலக்கு விளைவு, அதாவது சுற்றும் பொருள் வெளியே ஓடப் பார்க்கும் போக்கு. கோண உந்தம் (நிறை, தொலைவு, சுற்றும் வேகம் மூன்றின் பெருக்கல்) மாறாததால், இது எத்தனை பரிமாணத்திலும் தொலைவின் மும்மடிக்கு எதிர்த்தகவில்தான் மாறும். கூடுதல் திசை இருந்தால் பாதை முறுக்கிக்கொண்டு போகாதா என்று தோன்றலாம். போகாது. விசை எப்போதும் சூரியனை நோக்கியே இழுக்கிறது. பூமி இருக்கும் திசையும் நகரும் திசையும் சேர்ந்த ஒரே தளத்தைவிட்டு அதை வெளியே தள்ள எதுவுமில்லை.

இப்போது இரண்டையும் ஒப்பிடுங்கள். நம் வெளியில் பூமி சற்று உள்ளே போனால் மையவிலக்கு ஈர்ப்பைவிட வேகமாக வளர்ந்து வெளியே தள்ளும். வெளியே போனால் ஈர்ப்பு ஜெயித்து உள்ளே இழுக்கும். நான்கில் இரண்டும் ஒரே வீதத்தில் மாறுகின்றன. துல்லியமாகச் சமமாக இருந்தால் வட்டம். மயிரிழை பிசகினாலும், எந்தப் பக்கம் பிசகியதோ அந்தப் பக்கமே கடைசிவரை. ஐந்தில் இன்னும் மோசம்: உள்ளே போகப் போக ஈர்ப்பின் கையே ஓங்கும். 1917இல் இயற்பியலாளர் பால் எரென்ஃபெஸ்ட் இதைத் தெளிவாக எழுதிக் காட்டினார். மும்மடி விசையில் சுருள்பாதை வரும் என்பது 1687இல் வெளியான நியூட்டனின் பிரின்சிபியா நூலிலேயே இருக்கிறது.

இதை எண்ணில் போட்டுப் பார்த்தால்தான் உறைக்கும். நான்கு பரிமாணச் சூரியன் ஒன்று, இப்போதுள்ள தொலைவில் பூமியைச் சரியாக ஓராண்டு வட்டப்பாதையில் வைத்திருப்பதாகக் கொள்வோம். வேகத்தை 1 சதவீதம் மட்டும் குறைத்துக் கணக்கிட்டேன்: சுமார் 13½ மாதத்தில் பூமி சூரியனுக்குள். 1 சதவீதம் கூட்டினால், பத்தே ஆண்டில் இப்போதுள்ள தொலைவைப்போல் 9 மடங்கு, ஏறக்குறைய சனியின் பாதைவரை போய்விடும், திரும்பி வராது. நிஜத்தில் நம் பூமி ஜனவரியில் விநாடிக்கு 30.3 கி.மீ., ஜூலையில் 29.3 கி.மீ. வேகத்தில் போகிறது. 3 சதவீதத்துக்கும் மேல் வித்தியாசம்! சூரியனிடமிருந்து உள்ள தொலைவும் 14.71 கோடிக்கும் 15.21 கோடி கி.மீ.க்கும் இடையே ஊசலாடுகிறது. அப்படியிருந்தும் 450 கோடி ஆண்டுகளாகத் தடம் மாறவில்லை. எனக்கு இது இன்றும் பெரிய அதிசயம்தான்.

சரி, குறைத்தால்? இரண்டு பரிமாணத்தில் நியூட்டன் பாணி ஈர்ப்பு தொலைவுக்கு நேர் எதிர்த்தகவில் மாறும். பாதைகள் நிலைக்கும், ஆனால் பொதுவாக மூடிய வளையமாகாது. எவ்வளவு வேகமாக ராக்கெட் விட்டாலும் தப்பிக்கவும் முடியாது.

அப்புறம், இழைக் கோட்பாடு (துகள்களை நுண்ணிய அதிரும் இழைகளாகப் பார்க்கும் கோட்பாடு) சொல்லும் கூடுதல் பரிமாணங்கள் கோள்களைக் கெடுக்காதா என்ற கேள்வி நியாயமானது. அவை மிகச் சிறிதாகச் சுருண்டிருந்தால் கெடுக்காது. சுருளின் அளவைவிட அதிகத் தொலைவில் ஈர்ப்பு பழைய இருமடி விதிக்கே திரும்பிவிடும். 1998இல் அர்க்கானி-ஹமேத், டிமோபூலோஸ், த்வாலி என்ற மூன்று இயற்பியலாளர்கள் அப்படிப்பட்ட சுருள் ஒரு மில்லிமீட்டர் வரைகூட இருக்கலாம் என்றார்கள். அதைத் தேடி சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முறுக்குத் தராசால் (மெல்லிய இழையில் தொங்கும் பொருள் எவ்வளவு முறுகுகிறது என்பதை வைத்து மிகச் சிறு விசையை அளக்கும் கருவி) அளந்தார்கள். 2020இல் வந்த முடிவின்படி, 52 மைக்ரோமீட்டர் இடைவெளி வரை இருமடி விதியில் எந்த விலகலும் தெரியவில்லை. அதற்கும் கீழே போவது கடினம். அவ்வளவு நெருக்கத்தில் பரப்புகளுக்கிடையே எஞ்சியிருக்கும் துளி மின்விசையே ஈர்ப்பை அமுக்கிவிடும்.