சந்தையில் படம் எடுப்பது: கேள்வி பதில்

வெளியூர் போகும்போது அங்குள்ள சந்தைகளைப் படம் எடுப்பது பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: கொல்கத்தா போகிறேன். ஹவுரா பாலத்தடியில் இருக்கும் பூச்சந்தைக்கு எப்போது போவது? எங்கே நிற்பது?

மல்லிக் காட் சந்தையைக் கேட்கிறீர்கள். விடிவதற்கு முன்பே அங்கே இருங்கள். சந்தை ஹூக்ளி ஆற்றின் கிழக்குக் கரையில் இருப்பதால் காலை வெயில் ஊர்ப் பக்கமிருந்து வரும். ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் ஒளி எதிரே விழும். தலையில் மாலைச் சுருள்களோடு வருகிறவர்களின் தோளிலும் பூவிலும் ஒளி விளிம்பு கட்டும். ஆற்றைப் பார்த்து நின்றால் முகங்கள் தெளிவாகத் தெரியும், ஆனால் படம் தட்டையாக இருக்கும். எனக்கு முதல் வகைதான் பிடிக்கும்.

போனதும் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். சுமைக்காரர்கள் எந்த வழியாக வருகிறார்கள், எங்கே இறக்குகிறார்கள் என்று கொஞ்ச நேரம் பாருங்கள். அவர்கள் பாதையை விட்டு ஒதுங்கி ஒரே இடத்தில் நின்றால் படம் உங்களைத் தேடி வரும். சந்தை முழுக்க அலைகிறவர்களுக்கு முதுகுகள்தான் கிடைக்கும். "சொபி துல்தே பாரி?" (படம் எடுக்கலாமா?) என்று கேட்கக் கற்றுக்கொண்டு போங்கள். பாலத்தின் மேல் நின்று எடுக்கும்போது காவலர் வேண்டாம் என்றால் உடனே நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: செண்டுமல்லிக் குவியலை எடுத்தால் ஆரஞ்சு சாயம் கொட்டியதுபோல் வருகிறது. இதழே தெரிவதில்லை.

பூச்சந்தைக்குப் போகும் எல்லோருக்கும் வரும் சிக்கல் இது. செண்டுமல்லியில் சிவப்பு அதிகம், நீலம் மிகக் குறைவு. மொத்த வெளிச்சம் சரியாக இருப்பதாகக் கேமரா காட்டும்போதே சிவப்பு மட்டும் உச்சத்தைத் தொட்டு, இதழுக்கு இதழ் இருக்கும் வேறுபாடு அழிந்துபோயிருக்கும். எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியின் அளவை) ஒரு ஸ்டாப் வரை, அதாவது பாதியாகும் வரை, குறைத்து எடுங்கள். கேமராவில் மூன்று நிறங்களுக்கும் தனித்தனி ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) இருந்தால் சிவப்பை மட்டும் கவனித்தால் போதும். மொபைலில் பூவைத் தொட்டு, வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள்.

மதுரை மாட்டுத்தாவணியில் மல்லிகையை எடுக்கப் போனால் இதற்கு நேர்மாறு. ஃபிரேம் முழுக்க வெள்ளை இருந்தால் கேமரா அதைச் சாம்பலாக்கிவிடும். அங்கே ஒரு ஸ்டாப் கூட்டுங்கள்.

கேள்வி: வியாபாரிகளிடம் கேட்டு எடுத்தால் விறைப்பாக நிற்கிறார்கள். கேட்காமல் எடுத்தால் திட்டு விழுகிறது. தூரத்தில் நின்று பெரிய லென்ஸ் போட்டு எடுக்கலாமா?

வேண்டாம். ஒளிந்து எடுத்த படத்தில் அந்த ஒளிவு தெரியும். அதைவிட, அது அவர் பிழைப்பு நடத்தும் இடம். மணிப்பூர் தலைநகர் இம்பாலின் இமா கெய்தெல் சந்தையில் கடை போடுகிறவர்கள் எல்லோருமே பெண்கள், ஆயிரக்கணக்கானவர்கள். அவர்களை வேடிக்கைப் பொருளாக்கி தூரத்திலிருந்து சுட்டு எடுப்பதை என்னால் ஏற்க முடியாது.

முதலில் ஏதாவது வாங்குங்கள். அரைக் கிலோ கத்தரிக்காய் போதும். விலை கேட்டு, எந்த ஊர்க் காய் என்று பேசி, அப்புறம் "அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேளுங்கள். சரி என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் படத்தையும் எடுங்கள், அது அவர் விரும்பும் படம். எடுத்ததை அவரிடம் காட்டுங்கள். பிறகு அங்கேயே நில்லுங்கள். அடுத்து ஒருவர் வந்து பேரம் பேச ஆரம்பித்தால் அக்கா உங்களை மறந்துவிடுவார். தராசு, கை, கோபம், சிரிப்பு எல்லாம் அப்போதுதான் வரும்.

எடை போடும்போதும் பணம் எண்ணும்போதும் குறுக்கே போய்ப் பேசாதீர்கள். கையை ஆட்டினாலோ முந்தானையால் முகத்தை மறைத்தாலோ அதுதான் பதில். பக்கத்துக் கடைக்குப் போங்கள். குழந்தை என்றால் பெற்றவர்களிடம் கேட்காமல் எடுக்கவே கூடாது. அனுப்புகிறேன் என்று சொன்னால் அனுப்புங்கள். பக்கத்து ஸ்டூடியோவில் பிரின்ட் போட்டு மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தால் இன்னும் நல்லது.

கேள்வி: காசு கேட்டால்?

இடத்தைப் பொறுத்தது. மொராக்கோவில் மராகேஷின் ஜெமா எல்-ஃப்னா சதுக்கத்தில் பாம்பாட்டிகளுக்கு அதுதான் வருமானம். எடுக்கும் முன்பே தொகையைப் பேசிவிடுங்கள். காய்கறிக்காரரிடம் நான் காசு நீட்டுவதில்லை, பொருள் வாங்குவேன்.

கேள்வி: இரவுச் சந்தையில் எடுத்த படங்களில் குறுக்கே கறுப்புப் பட்டைகள். கேமரா பழுதா?

பழுதில்லை. எல்இடி விளக்குதான் காரணம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல மலிவு விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்கும். சைலன்ட் மோடில் (சத்தமில்லாமல் எடுக்கும் முறை) சென்சார், அதாவது ஒளியைப் பதியும் சில்லு, வரிவரியாகப் படிப்பதால் சில வரிகள் இருட்டில் மாட்டிக்கொள்கின்றன. சத்தம் கேட்கும் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றி, ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 நொடி வையுங்கள். பெரும்பாலும் போய்விடும்.

கேள்வி: நீலத் தார்ப்பாய்க்குக் கீழே எல்லோர் முகமும் நீலமாக இருக்கிறது.

ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே தெரிய நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) ஓரளவுக்குத்தான் உதவும். ஒரு கன்னத்தில் நீலமும் இன்னொன்றில் வெயிலும் விழுந்தால் எந்த மென்பொருளாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. தார்ப்பாய் முடியும் ஓரத்துக் கடைகளைத் தேடுங்கள். அங்கே வானத்து ஒளி மெதுவாக உள்ளே வரும். சிவப்புத் தார்ப்பாயில் தக்காளி ஜொலிக்கும், கீரை கறுத்துவிடும். வேறு வழியே இல்லையென்றால் கறுப்பு வெள்ளை.

கேள்வி: தாய்லாந்தில் ரயில் நுழையும் மேக்லாங் சந்தை. ஷட்டர் வேகம் சொல்லுங்கள்.

ரயில் மெதுவாகத்தான் வரும், 1/250 தாராளம். ஆனால் ரயிலின் முகத்தை எல்லோரும் எடுக்கிறார்கள். வண்டி வருவதற்கு முன் கடைக்காரர்கள் நிழல்துணிகளை மடக்கி, தட்டுகளைப் பின்னுக்கு இழுப்பதைப் பாருங்கள். தண்டவாளத்தை ஒட்டித் தாழ்வாக இருக்கும் காய்கள் அப்படியே கிடக்க, வண்டி அவற்றின் மேலேயே போகும். போன மறுநொடி துணிகள் திரும்ப விரிகின்றன. என்னைக் கேட்டால் அந்தக் கைகளைத்தான் எடுக்க வேண்டும். ரயில் கடைகளை உரசிக்கொண்டு போகும், மொபைலை நீட்டிப் பிடிக்காதீர்கள்.

கேள்வி: மொபைல் மட்டும் போதுமா?

போதும். முகத்துக்கு அல்ட்ரா-வைடு (மிக அகலமாகக் காட்டும் லென்ஸ்) வேண்டாம், மூக்கு பெரிதாகிவிடும். 2எக்ஸ் (இருமடங்கு ஜூம்) வைத்து ஒரு அடி முன்னால் போங்கள். ஏசி அறையிலிருந்து புழுக்கத்துக்கு வந்தால் லென்ஸில் ஆவி படியும். அரை மணி நேரம் பைக்குள்ளேயே விட்டு வையுங்கள்.