உயிர் எடை ஒன்றுதான், கறி எடை ஏன் வேறு?

கேள்வி: இரண்டு பண்ணைகளில் 2 கிலோ பிராய்லர் எடுக்கிறேன். தோல் உரித்தால் ஒன்றில் 1.350 கிலோ கறி நிற்கிறது, மற்றதில் 1.250தான். இனக் குறையா, தீவனக் குறையா?
– இறைச்சிக்கடைக்காரர், உடுமலை

பதில்: இரண்டுக்கும் முன்னால் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். அறுப்பதற்கு 8 முதல் 12 மணி நேரத்துக்கு முன்பே தீவனத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீர் மட்டும் தர வேண்டும். தீனி தின்ற கையோடு பிடித்த கோழியில் தீனிப்பையும் குடலும் நிறைந்திருக்கும். அந்த எடைக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள். 12 மணி நேரத்தைத் தாண்டிப் பட்டினி போடுவதும் தவறு. உடம்புச் சதையே கரையத் தொடங்கும், குடல் மெலிந்து வெட்டும்போது கிழிந்து கறியில் கழிவு படும்.

அடுத்து, இரு பண்ணைகளிலும் ஐந்தைந்து சேவல்களை அறுத்து, வயிற்றுக்கொழுப்பையும் நெஞ்சுக்கறியையும் தனித்தனியே எடை போடுங்கள். பெட்டைக்கு இயல்பாகவே கொழுப்பு கூடுதல் என்பதால் சேவலையும் பெட்டையையும் கலந்து எடை போட்டால் கணக்கு குழம்பும். 2 கிலோ கோழியில் வயிற்றுக்கொழுப்பு 30–40 கிராம் இருக்கலாம். 60 கிராமைத் தாண்டினால் தீவனத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். கொழுப்பு அளவாக இருந்தும் நெஞ்சுக்கறி மட்டும் குறைந்தால், குஞ்சு எந்த இனம், முதல் வாரம் எப்படி வளர்ந்தது என்று பண்ணையில் கேளுங்கள். கறிக்கோழி இனங்களில் நெஞ்சுக்கறி உயிர் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வரும். 40 கிராம் குஞ்சு ஏழாம் நாள் 160 கிராமையாவது எட்டியிருக்க வேண்டும். புரூடரில் (குஞ்சுகளுக்குச் சூடு தரும் அமைப்பு) சூடு குறைந்தோ தண்ணீர் தாமதமாகக் கிடைத்தோ அந்த வாரத்தில் பின்தங்கிய குஞ்சு, பிறகு எவ்வளவு தின்றாலும் நெஞ்சில் முழுசாகத் தேறுவதில்லை.

கேள்வி: தீவன விலை தாளாமல், 80 கிலோ பினிஷருக்கு (கடைசி வாரங்களில் போடும் தீவனம்) 20 கிலோ மக்காச்சோளக் குருணை கலக்கிறேன். எடை ஓரளவு வந்துவிடுகிறது. கறி குறைவு என்று வியாபாரி சொல்வது சரியா?
– பண்ணையாளர், பல்லடம்

பதில்: அவர் சொல்வது சரிதான். இந்திய தர நிர்ணயப்படி பினிஷரில் புரதம் 20 சதவீதம், லைசின் (சதை கட்டத் தேவையான அமினோ அமிலம்) 1 சதவீதம், எரிசக்தி கிலோவுக்கு 3,200 கிலோ கலோரி. மக்காச்சோளத்தில் புரதம் 9 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். லைசின் கால் சதவீதம். உங்கள் கலவையில் புரதம் 17.8ஆகவும் லைசின் 0.85ஆகவும் இறங்கிவிடுகிறது. எரிசக்தியோ குறையவில்லை, கொஞ்சம் ஏறியே இருக்கிறது. சதை கட்ட லைசின் போதாமல், மிஞ்சும் எரிசக்தியைக் கோழி கொழுப்பாக வயிற்றில் சேர்த்துக்கொள்கிறது. தராசில் அதுவும் எடைதான், கடையில் அது கழிவு. நெஞ்சுச்சதைக்குத்தான் லைசின் அதிகம் தேவை, அதனால் முதல் அடி அங்கேதான் விழுகிறது. வைட்டமின், தாது உப்பு, ரத்தக்கழிச்சல் தடுப்பு மருந்து எல்லாம் ஐந்தில் ஒரு பங்கு நீர்த்துப்போவதையும் மறக்காதீர்கள். அந்த நோய் வந்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும்.

செலவைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால், மக்காச்சோளத்தோடு சோயா புண்ணாக்கு, லைசின், மெத்தியோனின் (இன்னொரு அமினோ அமிலம்), பிரிமிக்ஸ் (வைட்டமின், தாது உப்புக் கலவை) எல்லாம் சேர்த்து முழுக்கலவையாகவே அரைத்துக்கொள்ளுங்கள். அளவைக் கால்நடை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். லைசினைத் தேவைக்கு மேல் கொட்டினாலும் கறி அதிகமாகாது. மக்காச்சோளத்தில் ஈரம் 12 சதவீதத்துக்குள் இருக்கட்டும். பூசணம் பிடித்தால் அப்ளாடாக்சின் என்ற பூசண நச்சு ஈரலைக் கெடுத்து வளர்ச்சியை நிறுத்திவிடும்.

கேள்வி: பிராய்லர் சேவலையும் பெட்டையையும் வைத்து நாமே குஞ்சு எடுக்கலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம். கடைக்கு வரும் பிராய்லர் பல வம்சாவளிகளின் கலப்பு: நெஞ்சு அகலத்துக்குக் கார்னிஷ் வழி வந்த தந்தை வரிசை, முட்டை எண்ணிக்கைக்கு வெள்ளை பிளிமத் ராக் வழி வந்த தாய் வரிசை. அதன் குஞ்சுகள் ஒரே சீராக வளராது. தாய்க்கோழிப் பண்ணைகளில் தீவனத்தை அளந்துதான் போடுவார்கள். பிராய்லரை வயிறு நிறையத் தின்னவிட்டு வளர்த்தால் கால் தாங்காது, கருக்கூடும் முட்டையும் குறையும்.