பல மரம் கண்ட தச்சன் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

பாடசாலை விளையாட்டுகளைப் பற்றிய உங்கள் கட்டுரையை மகன் கைபேசியில் வாசித்துக் காட்டினான். 'பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்' என்று முடித்திருந்தீர்கள். அன்றிரவு எனக்குச் சரியான நித்திரை இல்லை.

நான் வட்டக்கச்சிப் பக்கத்தில் உடற்கல்வி ஆசிரியர். அடுத்த வருடம் 60 வயது, ஓய்வு. படித்த காலத்தில் உதைபந்தாட்டம், கரப்பந்தாட்டம், மெய்வல்லுநரில் உயரம் பாய்தலும் ஈட்டியும் என்று எல்லாவற்றிலும் நின்றேன். கல்லூரிக்குப் போயும் ஒன்றையும் விடவில்லை. ஒன்றிலும் மாகாணத்தைத் தாண்டவுமில்லை. "ஒன்றைப் பிடித்திருந்தால் நாட்டுக்கு விளையாடியிருப்பீர்கள் அப்பா" என்கிறான் மகன்.

இப்போதும் அதே பழக்கம்தான். கரப்பந்து அடிக்கிற பிள்ளை ஒருத்தியை இந்தத் தவணை ஈட்டிக்கு மாற்றினேன். தோள் அப்படியே பொருந்திவிட்டது. எறிகிற நேரம் ஊன்றுகிற இடது கால்தான் முழங்காலில் மடிந்துவிடுகிறது. ஈட்டி உயரப் போகிறதே தவிரத் தூரம் போகவில்லை. மணலில் ஊன்றப் பழக்கினேன். பிறகு வயல் வரம்பிலிருந்து இறங்கி ஊன்றப் பழக்கினேன். கொஞ்சம் தேறியிருக்கிறாள்.

நான் ஒரு மரமும் வெட்டாத தச்சன்தானா? பெயரைப் போட வேண்டாம்.

வட்டக்கச்சி வாசகர்

*

அன்புள்ள ஆசிரியருக்கு,

அந்தப் பழமொழியைச் சோம்பலில் எழுதினேன். கட்டுரையை முடிக்க ஒரு வரி தேவைப்பட்டது. கைக்கு எட்டியதை எடுத்துப் போட்டுவிட்டேன். உங்கள் நித்திரையைக் கெடுத்ததற்கு மன்னியுங்கள்.

ஆனால் மகன் சொல்வதில் பிழையில்லை. பதக்கம்தான் கணக்கு என்றால் ஒன்றைப் பிடிக்கத்தான் வேண்டும். யாழ் மத்திய கல்லூரியில் படித்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலைப் பிடித்தார். 1952இல் ஹெல்சிங்கி, 1956இல் மெல்போர்ன் என இரண்டு ஒலிம்பிக். 1958இல் டோக்கியோவில் அவர் வென்றது ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம். அந்தக் கணக்கில் நீங்களும் நானும் வரம்பில் நின்று கைதட்டுகிறவர்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அமெரிக்காவில் ஆமோஸ் அலோன்சோ ஸ்டாக் என்று ஒருவர் இருந்தார். 1862இல் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் பேஸ்போலில் பந்து வீசினார். கையால் பந்தைத் தூக்கி ஓடும் அவர்களுடைய உதைபந்தாட்டமும் ஆடினார். தொழில்முறை பேஸ்போலுக்கு அழைப்பு வந்தது, போகவில்லை. போதகராகலாம் என்று இறையியல் படித்தார். மேடையில் தனக்குப் பேச்சு வராது என்று அதையும் விட்டார். கூடைப்பந்தாட்டம் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்பிரிங்ஃபீல்டில், 1892இல் பொதுமக்கள் முன்னால் நடந்த முதல் ஆட்டத்தில் ஆசிரியர் அணிக்கு விளையாடினார். மாணவர்கள் 5, ஆசிரியர்கள் 1. அந்த ஒன்று ஸ்டாக் போட்டது.

உங்கள் மகன் அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டிருப்பான்.

அதே 1892இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பயிற்றுநராகச் சேர்ந்தார். 40 வருடம் இருந்தார். 70 வயதானதும் ஓய்வு விதியைக் காட்டினார்கள். சம்பளத்தோடு சும்மா இருக்கும் பதவி ஒன்றைக் கொடுக்கவும் ஆயத்தமாக இருந்தார்கள். வேண்டாம் என்றுவிட்டு, கலிஃபோர்னியாவில் பசிஃபிக் கல்லூரிக்குப் போய் 84 வயது வரை பயிற்றுவித்தார். பிறகு தன் மகன் பயிற்றுவித்த அணிக்கு உதவியாளரானார். 102 வயதில் இறந்தார். உதைபந்தாட்டத்துக்கும் கூடைப்பந்தாட்டத்துக்கும் அங்கே தனித்தனியாகப் புகழ் மண்டபங்கள் உண்டு. இரண்டிலும் அவர் பெயர் இருக்கிறது.

இதையெல்லாம் விட எனக்குப் பிடித்தது ஒரு மெத்தைக் கதை. எதிராளியைப் பாய்ந்து மடக்கப் பழகுவதற்கு ஒவ்வொரு நாளும் ஒரு மனிதனை விழுத்த முடியாது அல்லவா? யேலில் இருந்தபோது ஒரு மெத்தையைச் சுருட்டி அதன்மேல் பாயப் பழக்கினாராம்.

அதை வாசித்ததும் எனக்கு முத்தையன்கட்டில் எங்கள் பி.ரி. மாஸ்டரின் நினைவு வந்தது. போர் நடந்த பொருளாதாரத் தடைக் காலம். பந்துக்குக் காற்றடிக்கிற ஊசி ஒன்றுக்காகக் கிளிநொச்சி வரை சைக்கிள் மிதித்தவர். உயரம் பாயும் பெடியன் ஒருவன், 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் அமெரிக்கர் ஃபொஸ்பரி பாய்ந்தது போல முதுகு கீழே வரப் பாய வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். மணல் கிடங்கில் அப்படி விழுந்தால் கழுத்து முறியும். மாஸ்டர் ஆலையில் உமிச்சாக்குகளை வாங்கி அடுக்கி, நெல் சூடு மிதிக்க விரிக்கிற படங்கை மேலே இழுத்துக் கட்டினார். பெடியனை விடவில்லை, முதலில் தானே மல்லாக்க விழுந்து பார்த்தார். அவர் உதைபந்தாட்டத்தில் பந்துக்காப்பாளராக இருந்தவர். விழத் தெரிந்த உடம்பு. உயரம் மட்டும் பாய்ந்த ஒருவருக்கு உமிச்சாக்கு தோன்றியிருக்குமோ தெரியாது.

நானும் பந்துக்காப்பாளராகத்தான் ஆசைப்பட்டேன். மாஸ்டர் ஒருநாள் எங்கள் வயலுக்கு வந்தபோது அறுத்த நெல்லின் உப்பட்டியைக் கட்டி, சூடாகக் குவித்திருந்ததற்கு மேலே எறிந்துகொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "மற்றவர்கள் கையால் எறிகிறார்கள். நீ காலால் எறிகிறாய். நாளைக்குக் குண்டு போட வா" என்றார். குண்டெறிதலில் வலயத்தில் மூன்றாமிடம் வந்தேன். என் விளையாட்டு வாழ்க்கையின் உச்சம் அதுதான். இன்றும் பிளேன்ரீக் கடையில் யாராவது கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன்.

பல மரம் கண்டவர் அவர். வெட்டினாரா என்று கேட்டால், என்னை வெட்டினார், அந்தப் பெடியனை வெட்டினார். பழமொழியை அடுத்த பதிப்பில் எடுத்துவிடுகிறேன்.

உங்கள் விளையாட்டுக் காலம் முழுவதையும் நான்கைந்து வரியில் சொல்லிவிட்டு, ஒரு பிள்ளையின் இடது காலுக்கு அதைவிட அதிகம் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பத்தியை மகனிடம் காட்டுங்கள்.

அந்தக் காலைப் பற்றி எனக்கும் ஒரு ஐயம். குண்டு போட்ட அளவு அறிவுதான், பிழையென்றால் விட்டுவிடுங்கள். கரப்பந்து அடிக்க ஓடிவரும் வலக்கைக்காரிக்குக் கடைசியாக ஊன்றுவதும் இடது கால்தானே? அங்கே அது மடிந்து எழும்ப வேண்டிய கால். ஈட்டியில் மடியாமல் நிற்க வேண்டிய கால். பிள்ளையின் தோள் ஈட்டிக்கு வந்துவிட்டது, கால் இன்னும் வலைக்கு முன்னால் நிற்கிறது போலிருக்கிறது. ஓட்டமில்லாமல், நின்ற இடத்திலிருந்தே கொஞ்ச நாள் எறிய விட்டுப் பார்த்தீர்களா?

மாகாணப் போட்டி முடிந்ததும் எத்தனை மீற்றர் என்று எழுதுங்கள்.