ஓ.டி.பி. சொன்னது திங்கள், பணம் போனது புதன்: வங்கி கைவிரிக்கலாமா?

கேள்வி: மருதமுனையில் வீட்டோடு மூன்று தறி வைத்துச் சாரமும் சேலையும் நெய்விக்கிறேன். நூல் வாங்கக் கையில் காசு இல்லாததால், முகநூலில் கண்ட ஒரு கடன் செயலியில் 30,000 ரூபாய்க்கு விண்ணப்பித்தேன். மூன்று மாதக் கணக்கைப் பார்த்த பிறகுதான் கடன் தருவோம் என்று சொல்லி, என் இணைய வங்கியின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டார்கள். கொடுத்தேன். திங்கட்கிழமை கைத்தொலைபேசிக்கு வந்த ஓ.டி.பி. இலக்கத்தையும் சொன்னேன். 'சேவைக் கட்டணம்' கழித்து 21,000 ரூபாய் வந்தது. புதன் இரவு 11.40 மணிக்குப் பிறகு, எனக்குத் தெரியாத ஒரு கணக்குக்கு மூன்று தடவையாக 84,000 ரூபாய் போய்விட்டது. காலையில் கிளைக்கு ஓடினேன். நீங்கள்தானே ஓ.டி.பி.யைக் கொடுத்தீர்கள், எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்கள். செயலிக்காரர்களோ 7 நாளில் 30,000 கட்டு என்று என் தொலைபேசியில் உள்ள இலக்கங்களுக்கெல்லாம் எடுத்துப் பேசுகிறார்கள். மைத்துனருக்கும் பேசிவிட்டார்கள். கட்டாரில் இருக்கும் கணவருக்கு இன்னும் சொல்லவில்லை. என் பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்ப வாசித்த இடம் ஒன்று உண்டு. ஓ.டி.பி. சொன்னது திங்கட்கிழமை, பணம் போனது புதன் இரவு. வங்கி இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டுப் பேசுகிறது. அந்த முடிச்சை அவிழ்ப்பதில்தான் உங்கள் வழக்கு இருக்கிறது.

ஓ.டி.பி. ஒரு தடவைக்கும் சில நிமிடங்களுக்கும் மட்டும் உரியது. திங்கட்கிழமை சொன்ன இலக்கம் புதன்கிழமை எதற்கும் உதவாது. அப்படியென்றால் புதன் இரவு நடந்த மூன்று பரிமாற்றங்களுக்கு யார் அனுமதி கொடுத்தார்கள்? இப்படியான மோசடிகளில் வழக்கமாக நடப்பது இதுதான்: கடவுச்சொல்லை வாங்கியவர் தன் தொலைபேசியில் உங்கள் வங்கியின் செயலியை இறக்கி, அதை உங்கள் பெயரில் பதிவுசெய்கிறார். அதற்கான ஓ.டி.பி. உங்களுக்கு வருகிறது. நீங்கள் அதைச் சொன்னதும் அவருடைய தொலைபேசி வங்கியின் கண்ணுக்கு உங்கள் தொலைபேசி ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகு அவர் உங்களிடம் எதையும் கேட்க வேண்டியதில்லை.

திங்கட்கிழமை வந்த குறுஞ்செய்தியை இப்போதே திறந்து பாருங்கள். அது கணக்கைப் பார்ப்பதற்கு என்று சொல்கிறதா, புதிய கருவியைப் பதிவதற்கு என்று சொல்கிறதா, அல்லது வெறும் ஆறு இலக்கம் மட்டும்தானா? எந்த மொழியில் வந்திருக்கிறது? நீங்கள் கணக்குத் திறந்தபோது தமிழில் தகவல் கேட்டிருந்து, புதிய கருவி பதியப்படுகிறது என்ற எச்சரிக்கை ஆங்கிலத்தில் மட்டும் வந்திருந்தால், அதையும் முறைப்பாட்டில் எழுத வேண்டும். அந்தச் செய்தியை அழிக்காதீர்கள். தொலைபேசியை யாரிடமும் திருத்தக் கொடுக்காதீர்கள், புதிதாக வாங்கி மாற்றவும் வேண்டாம்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். வங்கி தொடர்பான விடயங்களில் இலங்கை நீதிமன்றங்கள் ஆங்கிலச் சட்டத்தைப் பின்பற்றுகின்றன. 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் போட்ட வழி இது. அந்தச் சட்டத்தின் அடிப்படை எளிமையானது: வாடிக்கையாளரின் பணிப்புரை இருந்தால்தான் வங்கி அவர் கணக்கில் பற்று வைக்கலாம். பணிப்புரை இல்லாமல் வைத்த பற்றை வங்கியே திரும்ப வரவு வைக்க வேண்டும்.

2023 ஜூலையில் பிரித்தானிய உயர் நீதிமன்றம் பார்க்லேஸ் வங்கி சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மோசடிக்காரர்களை நம்பிய ஒரு தம்பதி 7 இலட்சம் பவுணை ஐக்கிய அரபு எமிரேட்ஸில் உள்ள கணக்குகளுக்கு அனுப்பியிருந்தார்கள். வாடிக்கையாளரே பணிப்புரை கொடுத்திருந்தால், அவர் ஏமாற்றப்பட்டிருந்தாலும் வங்கி அதை நிறைவேற்றத்தான் வேண்டும் என்றது நீதிமன்றம். உங்கள் வங்கியின் சட்டத்தரணி இந்தத் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு வரக்கூடும். பயப்படாதீர்கள். அந்தத் தம்பதி தாங்களே அனுப்பினார்கள். நீங்கள் அனுப்பவில்லை. உங்கள் பெயரில் இன்னொருவர் அனுப்பினார். கணக்கைப் பார்க்கக் கொடுத்த அனுமதி, அதிலிருந்து எடுக்கக் கொடுத்த அனுமதி ஆகாது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015ஆம் ஆண்டுக் கொடுப்பனவுச் சேவைப் பணிப்புரையில் இந்த வேறுபாடு சட்டமாகவே எழுதப்பட்டிருக்கிறது. கணக்கு விவரத்தைப் பார்த்துச் சொல்லும் நிறுவனம் வேறு, கணக்கிலிருந்து கொடுப்பனவைத் தொடங்கும் நிறுவனம் வேறு. இரண்டும் கண்காணிப்புக்கு உட்பட்டவை. அனுமதியில்லாமல் பணம் போனால், மூன்றாம் தரப்பு வழியாகப் போயிருந்தாலும், முதலில் வங்கி திருப்பிக் கொடுக்க வேண்டும். அது அவர்களுடைய சட்டம், இங்கே வைத்து வழக்காட முடியாது. ஆனாலும் முறையாக நடக்கும் எந்த நிறுவனமும் உங்கள் கடவுச்சொல்லை வாயால் கேட்டு வாங்காது. வருமானத்தைப் பார்க்க வேண்டுமென்றால் வங்கி தரும் கணக்குக்கூற்றின் பிரதி போதும்.

உங்கள் பக்கத்தில் உள்ள பலவீனத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இணைய வங்கி விண்ணப்பத்தில் நீங்கள் ஒப்பமிட்ட நிபந்தனைகளில், கடவுச்சொல்லை எவருக்கும் கொடுக்கக்கூடாது என்றும், அதனால் வரும் நட்டத்துக்கு வங்கி பொறுப்பல்ல என்றும் கட்டாயம் இருக்கும். இந்த வரிதான் அவர்களுடைய கேடயம். ஆனால் 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. தன்னுடைய கவலையீனத்தால் வரும் பொறுப்பை வங்கி அச்சடித்த ஒரு வரியால் உதறிவிட முடியாது, அந்த வரி நியாயமானதுதானா என்று நீதிமன்றம் பார்க்கும். ஆகவே வங்கியின் கவலையீனம் எங்கே என்று நாம் காட்ட வேண்டும். முழுத் தொகையும் கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். தவறு இரு பக்கமும் பங்குபோடப்படலாம். ஆனால் ஒன்றும் செய்ய முடியாது என்ற பதிலை ஏற்றுக்கொண்டு வீடு திரும்பாதீர்கள்.

கிளை முகாமையாளருக்கு எழுத்தில் கேளுங்கள். புதிய கருவி எந்த நாள், எத்தனை மணிக்குப் பதியப்பட்டது? அதைப் பதிந்ததும் பழைய தொலைபேசிக்கு எச்சரிக்கை போனதா? மூன்று பரிமாற்றமும் எந்தக் கருவியிலிருந்து நடந்தன? ஒருநாளும் நள்ளிரவில் பணம் அனுப்பாத கணக்கில், புதிய கருவியிலிருந்து, முன்பின் அனுப்பாத ஒருவருக்கு அடுத்தடுத்து மூன்று தடவை போனதை வங்கியின் கண்காணிப்பு ஏன் நிறுத்தவில்லை? நீங்கள் காலையில் வந்து சொன்ன பிறகு, பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கு எத்தனை மணிக்கு அறிவித்தார்கள்? இந்தக் கடைசிக் கேள்வி மிக முக்கியம். வங்கிகளுக்கிடையே பணம் இப்போது சில நொடிகளில் போய்ச் சேர்கிறது. அறிவித்தல் தாமதமான ஒவ்வொரு மணித்தியாலமும் உங்களுக்குச் சாதகமான சான்று. கடிதத்தின் பிரதியில் கிளை முத்திரையும் திகதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தக் கடிதத்தின் வாசகத்தில் கவனமாக இருங்கள். 'நான் ஓ.டி.பி.யைக் கொடுத்துவிட்டேன், பணம் போய்விட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வருபவர்களைப் பார்த்து நான் வருந்தியிருக்கிறேன். அந்த ஒரு வசனத்தோடு வழக்கில் பாதி போய்விடும். நடந்தது நடந்தபடி எழுதுங்கள்: 'மூன்று மாதக் கணக்கைப் பார்ப்பதற்காக மட்டும் திங்கட்கிழமை ஓர் இலக்கத்தைச் சொன்னேன். புதன்கிழமை நடந்த மூன்று பரிமாற்றங்களுக்கும் நான் அனுமதி கொடுக்கவில்லை. அவற்றுக்கு என்னிடம் எந்த இலக்கமும் கேட்கப்படவில்லை.' ஓ.டி.பி. சொன்னதை மறைக்கவும் கூடாது. வங்கியின் பதிவில் அது இருக்கிறது, மறைத்தால் மற்றதையும் நம்பமாட்டார்கள்.

கடிதம் கொடுத்த கையோடு கல்முனைப் பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி, அதிகாரமில்லாமல் ஒரு கணினிக்குள் நுழைவதே 5 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். குற்றம் நிரூபணமானால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுக்கும்படி கட்டளையிடவும் அதில் இடமுண்டு. கடவுச்சொல், கணக்கு இலக்கம் போன்றவற்றைக் களவாகப் பயன்படுத்திப் பணம் எடுப்பதற்கு 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கக் கொடுப்பனவுச் சாதன மோசடிகள் சட்டமும் இருக்கிறது. பணம் போய்ச் சேர்ந்த கணக்கு யாருடையது என்று வங்கி உங்களுக்குச் சொல்லாது. வங்கிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு வாடிக்கையாளர் இரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. நீதிமன்றக் கட்டளையோடு பொலிஸ் கேட்டால் சொல்லியாக வேண்டும். பொலிஸ் முறைப்பாட்டை ஒத்திப்போடக்கூடாது என்பது இதனால்தான்.

இனிக் கடன். கம்பனிப் பதிவு இலக்கம் ஒன்றைச் செயலியில் போட்டிருப்பார்கள். அது மத்திய வங்கியின் அனுமதி அல்ல. எந்தக் கம்பனியும் பதிந்துகொள்ளலாம். மத்திய வங்கி தன் இணையத்தளத்தில் வைத்திருக்கும் உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலில் இவர்களுடைய பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். 'கிரிப்பில் போடுவோம்', அதாவது கடன் கட்டாதவர் என்று கொடுகடன் தகவல் பணியகத்தில் பதிவோம், என்று மிரட்டினாலும் கலங்காதீர்கள். அந்தப் பணியகத்துக்குத் தகவல் கொடுப்பவை அதில் அங்கத்துவம் உள்ள நிறுவனங்கள்தான். உங்கள் அறிக்கையை நீங்களே கேட்டுப் பெற்றுப் பார்க்கவும் முடியும்.

கைக்கு வந்த 21,000 ரூபாயை மறுக்க வேண்டாம். வராத 9,000 ரூபாயைக் கேட்க அவர்களுக்கு இலேசில் வழியில்லை. நம் நாட்டில் 1918ஆம் ஆண்டிலிருந்தே கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அளவுக்கு மீறிய வட்டியென்றால் நீதிமன்றம் அந்தக் கொடுக்கல் வாங்கலைத் திரும்பத் திறந்து பார்க்கலாம். கடனுக்கு வாங்கும் வாக்குறுதிச் சீட்டில் உண்மையில் கொடுத்த முதல் எவ்வளவு, முன்கூட்டியே கழித்தது எவ்வளவு, வட்டி வீதம் என்ன என்று தனித்தனியாகக் காட்ட வேண்டும் என்பதும் அதில் உள்ள விதி. பயத்தில் யாரோ ஒருவருடைய தனிப்பட்ட கணக்குக்கு 30,000 போட்டுவிடாதீர்கள். 84,000 ரூபாயை எடுத்ததும் இவர்கள்தான் என்று விசாரணையில் தெரிந்தால், கொடுக்க வேண்டியவர்கள் அவர்கள். உறவினர்களுக்கு எடுத்து மானத்தை வாங்குவோம் என்று மிரட்டிப் பணம் கேட்பது குற்றம். அழைப்பு வந்த இலக்கம், நாள், நேரத்தை ஒரு கொப்பியில் எழுதுங்கள். மைத்துனரையும் எழுதச் சொல்லுங்கள்.

வங்கியின் பதில் திருப்தியாக இல்லாவிட்டால், மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கத்தில் பேசி, எழுத்திலும் முறையிடுங்கள். முதலில் வங்கியிடம் முறையிட்டீர்களா என்று கேட்பார்கள், முத்திரை குத்திய பிரதி அங்கே கைகொடுக்கும். வங்கி வாடிக்கையாளரின் முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதியியல் ஒம்புட்ஸ்மனிடமும் போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை. கடைசி வழி மாவட்ட நீதிமன்றம். எழுத்து ஒப்பந்தத்தின் மீது வழக்கிட 6 ஆண்டுகள் உண்டு. கவலையீனத்துக்கு நட்டஈடு கேட்பதென்றால் 2 ஆண்டுகள்தான். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குப் போங்கள், மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இருக்கிறது.

கணவரிடம் இன்றிரவே சொல்லிவிடுங்கள். செயலிக்காரர்களிடம் உள்ள பட்டியலில் அவருடைய இலக்கமும் இருக்கிறது, அவர்கள் வாயால் அவர் இதைக் கேட்கக்கூடாது. அதோடு, அந்தக் கணக்கு இருவர் பெயரிலும் இருந்தால் வங்கிக்குக் கொடுக்கும் கடிதத்தில் அவருடைய ஒப்பமும் தேவைப்படலாம்.