எந்த இடத்தில் நெளிந்தீர்கள்?

அன்புள்ள அண்ணாச்சி,

சென்ற மாதம் பாளையங்கோட்டைக் கூட்டத்தில் நீங்கள் பேசியதைக் கேட்டேன். ‘வாழை’ படத்தை அவ்வளவு பாராட்டிவிட்டு, கடைசிப் பத்து நிமிடம் எரிச்சலாக இருந்தது என்றீர்கள். பக்கத்திலிருந்த நண்பர், “இவியளுக்கு என்னத்தக் காட்டுனாலும் பத்தாது” என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

எனக்கு ‘சாமி’ ரொம்பப் பிடிக்கும். பத்துத் தடவைக்கு மேல் பார்த்திருக்கிறேன். வாசகர் வட்டத்தில் சொன்னபோது சிரித்தார்கள். ‘உதிரிப்பூக்கள்’ பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன், பாதியில் தூங்கிவிட்டேன். ‘பாபநாசம்’ எங்கள் பக்கத்து ஊர்ப் படம். எல்லோரும் கொண்டாடுகிறார்கள், எனக்கென்னவோ மலையாள மூலம்தான் ஒட்டியது. ‘இந்தியன் 2’க்கு அப்பாவை அழைத்துப் போனேன். 1996இல் முதல் பாகத்தை முதல் நாளே பார்த்தவர் அவர். இடைவேளையில் “கெளம்புவமாடே” என்று எழுந்துவிட்டார்.

நல்ல படம் எது என்று பார்க்கிற புத்தி எனக்கு இல்லையோ? ரசனையைப் பழக்கிக்கொள்ள முடியுமா?

ச.,
வீரவநல்லூர்

*

அன்புள்ள ச.,

உங்கள் நண்பரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். எங்கள் வீட்டிலும் அதையேதான் சொல்கிறார்கள்.

உங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்ததும் என் சித்தப்பா ஞாபகம் வந்தது. நான் பள்ளிக்கூடம் படித்த நாளில் எங்கள் பக்கம் ஒரு படத்துக்கு ஒரே பெட்டிதான் வரும். அக்கம்பக்கத்து ஊர்க் கொட்டகைக்காரர்கள் இரண்டு பேர் பேசி வைத்துக்கொண்டு அந்த ஒரே பிரதியை ஓட்டுவார்கள். இங்கே ஆட்டம் முக்கால் மணி நேரம் முந்தித் தொடங்கும். ஓடி முடிந்த ரீல்களை ஒரு பையன் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு ஆற்றுப்பாலத்தைத் தாண்டி அங்கே கொண்டுபோவான். ஒரு ஐப்பசி மழையில் பையன் நனைந்து வந்து சேர்ந்தானோ, ஆபரேட்டர் தூக்கக் கலக்கத்தில் இருந்தாரோ, ரீல் இடம் மாறிவிட்டது. கல்யாணம் முடிந்து, சண்டை வந்து, பெண் அழுதுகொண்டு தாய் வீட்டுக்குப் போன பிறகு அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள்! மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்திருந்த எங்களுக்கு ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. பிளாஷ்பேக் என்று நினைத்துக்கொண்டோம்.

சித்தப்பா ஒரு வாரம் டீக்கடையில் அந்த டைரக்டரைத் தூக்கி வைத்துப் பேசினார். அப்புறம் ஆபரேட்டரே சிரித்துக்கொண்டு உண்மையைச் சொன்னார். கடையே சித்தப்பாவைக் கேலி செய்தது. அவர் அசையவில்லை. “சரி, ரீலு மாறிட்டு. ஆனா அந்தப் புள்ள காப்பித் தம்ளரை நீட்டும்போது, பின்னால இது அழப்போவுதுன்னு நமக்குத் தெரியுது, அதுக்குத் தெரியல. அது நல்லாத்தானடே இருந்திச்சு?” என்றார்.

டைரக்டரைப் பற்றி அவர் சொன்னது தப்பு. காப்பித் தம்ளரைப் பற்றிச் சொன்னது சரி. அதற்குப் பிறகு எத்தனையோ விமர்சனங்கள் படித்துவிட்டேன். அந்தக் காப்பித் தம்ளர் அளவுக்குத் துல்லியமாகச் சொன்னவர்கள் ரொம்பப் பேர் இல்லை.

அதனால் நல்ல படமா, மோசமான படமா என்று என்னிடம் கேட்காதீர்கள். எந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள், எந்த இடத்தில் நெளிந்தீர்கள், எப்போது செல்போனை எடுத்து மணி பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். அதில் பொய் வராது. வட்டத்தில் யார் சிரிப்பார்கள் என்கிற பயம் அந்த நேரத்தில் உடம்புக்குக் கிடையாது.

‘சாமி’யிலிருந்தே தொடங்குவோம். எனக்கும் பிடிக்கும். 2003இல் திருநெல்வேலியில் அந்தப் படத்தைப் பார்த்தவனுக்குப் பிடிக்காமல் இருக்க முடியாது. நம் ஊர் பெயர் திரையில் வந்ததற்கே விசில் அடித்தவர்கள் நாம். ஆனால் எனக்குப் பிடித்தது விக்ரம் அடிக்கிற இடங்கள் அல்ல. வந்த புதிதில் பெருமாள் பிச்சையோடு சமாதானமாகப் போவதுபோல் ஒரு ஏற்பாடு செய்துகொள்கிறாரே, அந்தப் பகுதி. ஒரு போலீஸ்காரரும் ஒரு தாதாவும் உட்கார்ந்து ஊரைப் பங்கு போட்டுப் பேசுகிற தோரணை, கோட்டா சீனிவாச ராவின் அந்தக் கண். டைரக்டர் ஹரி நம் பக்கத்து ஆள் என்பது அங்கே தெரிகிறது. நான் நெளிந்தது, சுட்டுத் தள்ளுவதை நியாயமாக்கி நம்மைக் கை தட்ட வைக்கிற இடங்களில். தட்டிவிட்டுத்தான் நெளிந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கும் டிவியில் போட்டால் சேனலை மாற்ற மாட்டேன். 2018இல் வந்த இரண்டாம் பாகத்தைப் பற்றி நீங்களும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. சவத்த விடுங்கள்.

‘பாபநாசம்’ பற்றி நீங்கள் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். தயங்க வேண்டியதில்லை. 2013இல் வந்த ‘திருஷ்யம்’, 2015இல் வந்த ‘பாபநாசம்’, இரண்டுமே ஜீத்து ஜோசப் எடுத்தவை. கதை ஒன்று, முடிச்சு ஒன்று. பிள்ளையைப் பறிகொடுத்த போலீஸ் அதிகாரியாக நடித்த ஆஷா சரத்தும் இரண்டிலும் அவரேதான். அப்படியிருந்தும் ஒன்று உங்களுக்கு ஒட்டியது, மற்றது ஒட்டவில்லை என்றால் எங்கேயோ ஒரு இடம் இருக்க வேண்டும். என்னுடைய இடத்தைச் சொல்கிறேன், உங்களுடையதும் அதுதானா என்று பாருங்கள்.

கடைசியில் அந்தப் பெற்றோர் முன்னால் நின்று பேசுகிற காட்சி. ‘திருஷ்யம்’ படத்தில் மோகன்லால் அதை வறண்ட குரலில் சொல்லிவிட்டு நின்றுவிடுவார். அந்த ஆள் அழுதிருக்கிறானா, இனிமேல்தான் அழப்போகிறானா, நமக்குத் தெரியாது. ‘பாபநாசம்’ படத்தில் கமல் உடைந்து அழுகிறார். நன்றாகத்தான் அழுகிறார், நடிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர் அழுத பிறகு எனக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. தியேட்டரில் பக்கத்து இருக்கை அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த அழுகை தேவைப்பட்டிருக்கிறது. அவர் ரசனை மட்டம், என் ரசனை உசத்தி என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டில் எத்தனை அழுகையை அடக்கிக்கொண்டு வந்தாரோ.

அந்தப் படத்தில் என்னை நிமிர வைத்தது பேச்சு. வசனம் ஜெயமோகன், வட்டாரப் பேச்சுக்கு நம் ஊர் சுகா கூட நின்றார். முதல் பத்து நிமிடம் கமல் நெல்லைத் தமிழ் பேசுகிறார் என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் எப்போது சுயம்புலிங்கம் பேசத் தொடங்கினார் என்று கவனிக்கவில்லை. சினிமாவில் நெல்லைத் தமிழ் என்றால் வரிக்கு வரி ஒரு ‘ஏலே’ போட்டால் போதும் என்று ஒரு பழக்கம் இருக்கிறது. நம் பேச்சின் ருசி ‘ஏலே’யிலா இருக்கிறது? எங்கள் ஆச்சி தாத்தாவைப் பற்றிப் பேசினால் “வந்தாவளா, சாப்பிட்டாவளா” என்பாள். அந்த ‘ஆவ’வில் மரியாதை இருக்கிறது, நெருக்கம் இருக்கிறது, சில நாள் கிண்டலும் இருக்கும். ஒரு படத்தில் அந்த ‘ஆவ’ சரியான இடத்தில் விழுந்துவிட்டால் மற்ற பத்துக் குறைகளை மன்னித்துவிடுவேன். இது என் பலவீனம், விமர்சனம் அல்ல.

‘வாழை’க்கு வருகிறேன். கூட்டத்தில் நேரமில்லாமல் பாதியில் விட்டது இதுதான்.

அந்தப் படத்தில் வேலை இருக்கிறது. நான் கொண்டாடுவது அதற்காக. தார் சுமப்பது என்றால் என்ன என்று களக்காட்டிலோ ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலோ ஒரு நாள் வயலோரம் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். காலுக்குக் கீழே சேறு உள்ளிழுக்கும். தலையில் சும்மாடு, அதன் மேல் தார். கழுத்தைத் திருப்ப முடியாது. வெட்டின காம்பிலிருந்து பால் வடிந்து சட்டையில் விழும். வாழைக்கறை எந்தச் சோப்புக்கும் போகாது. என்னோடு படித்த பையன்களில் யார் லீவு நாளில் தார் சுமக்கப் போகிறவர்கள் என்று சட்டையைப் பார்த்தே சொல்லிவிடலாம். அதைச் சொல்லிக் கேலி செய்தவர்களில் நானும் உண்டு. படத்தில் அந்தப் பையன் சுமையை இறக்கிவிட்டுக் கழுத்தைத் தடவுகிறபோது நான் இருக்கையில் நெளிந்தேன். அது வேறு நெளிவு.

கூலி உயர்த்திக் கேட்கிறார்கள். அதற்குப் பிறகு ஆட்களுக்குத் தனி வண்டி வைக்கிற செலவை மிச்சம் பிடித்து, தார் ஏற்றிய லாரியின் மேலேயே ஆட்களையும் ஏற்றி அனுப்புகிறார்கள். லாரி கவிழ்கிறது. மாரி செல்வராஜ் தன் சிறு வயதில் பார்த்த சாவைத்தான் எடுத்திருக்கிறார். சாவு விழுந்த ஊரில், பசியோடு ஓடிவந்த பையன் சோற்றுப் பானையைத் தேடுகிறான். இதற்கு மேல் ஒரு காட்சியை யாராலும் எழுத முடியாது. அந்த இடத்தில் எனக்குப் பானை மூடி விழும் சத்தம் போதும். வாசலில் பெண்கள் மாரடிக்கிற சத்தம் போதும். இசையும் பாட்டும் மேலே ஏறி வந்து ‘அழு, அழு’ என்று பிடரியைப் பிடித்ததுபோல் இருந்தது. அழுதேன். அழுதுகொண்டே எரிச்சலும் பட்டேன். கூட்டத்தில் சொன்னது அவ்வளவுதான். தன் வீட்டுச் சாவைச் சொல்கிறவனிடம் சத்தத்தைக் குறை என்று சொல்ல நீ யார் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

அவருடைய முதல் படத்தில் அந்தச் சத்தம் இல்லை. ‘பரியேறும் பெருமாள்’ கடைசியில் மேசையில் இரண்டு டீத் தம்ளர், நடுவில் ஒரு பூ. யாரும் எதையும் விளக்கவில்லை. அதிலும் எனக்கு ஒரு இடம் உறுத்தியது. அந்தக் கதாநாயகிக்கு ஊரில் என்ன நடக்கிறது என்று ஒன்றுமே தெரியாதாம். கல்யாண வீட்டில் யாரை எந்தப் பந்தியில் உட்கார வைப்பது என்று பார்த்து வளர்ந்த திருநெல்வேலிப் பெண்ணுக்கா தெரியாது? ஆனால் கூத்தில் பெண் வேஷம் கட்டும் அப்பாவைத் தெருவில் ஓட விடுகிற இடம் வந்தது. நான் இதையெல்லாம் மறந்துவிட்டேன்.

‘உதிரிப்பூக்கள்’ பார்த்துத் தூங்கியதற்கு வெட்கப்படாதீர்கள். எதில் பார்த்தீர்கள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு டிவியிலா? அப்படியென்றால் நானும் தூங்கியிருப்பேன். 1979இல் வந்த படம். மகேந்திரன் நம் புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து எடுத்துக்கொண்டது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் அவருடையது. வேகமாக எதுவும் நடக்காது. ஒரு ராத்திரி, வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு, கடைசி இருபது நிமிடத்தை மட்டும் பாருங்கள். ஊரே கூடி ஒரு மனுசனை ஆற்றுக்குள் இறங்கச் சொல்கிறது. படம் முழுக்க நாம் வெறுத்த ஆள் அவன். அவன் தண்ணீருக்குள் போகப் போக, கரையில் நிற்கிற அந்த இரண்டு பிள்ளைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நாம் முழிக்கிறோம். அதற்கப்புறமும் தூக்கம் வந்தால் படுத்துத் தூங்குங்கள், ஒரு குற்றமும் இல்லை. வட்டத்தில் யாராவது சிரித்தால், அவர்களுக்கு அதில் எந்த இடம் பிடிக்கும் என்று கேளுங்கள். பாதிப் பேர் “மொத்தமாவே கிளாசிக்” என்பார்கள்.

கடைசியாக உங்கள் அப்பா. ‘இந்தியன் 2’ வெளியான சில நாளில் 12 நிமிடத்தை வெட்டினார்கள். அதே வருடம் வந்த ‘மெய்யழகன்’ படத்திலும் 18 நிமிடம் வெட்டினார்கள். நான் ‘மெய்யழகன்’ வெட்டாத பிரதி பார்த்தவன்; வெட்டிய பிறகு பார்த்த நண்பர் ஒருவரோடு வாகையடி முக்கில் நின்று, நீர் பார்க்காமல் விட்டது என்னென்ன தெரியுமா என்று அரை மணி நேரம் சண்டை போட்டேன். கல்யாண வீட்டில் “என்ன வே, சௌக்கியமா இருக்கீரா” என்று கையைப் பிடித்துக்கொண்டவர் யார் என்று தெரியாமலே பேசிச் சமாளித்தவன் நான், அதையே கதையாக்கிய அந்தப் படம் எனக்குப் பிடிக்காமல் போகுமா? ‘இந்தியன் 2’இல் 12 நிமிடம் போனது பற்றி யாரும் என்னோடு சண்டைக்கு வரவில்லை.

முதல் ‘இந்தியன்’ படத்தில் அந்தத் தாத்தாவுக்கு மகள் இருந்தாள். லஞ்சம் கொடுக்க மாட்டேன் என்று அவர் நின்ற நிலையில் அவள் செத்துப்போனாள். பிறகு மகன். அவர் கொள்கை பேசினால் அதற்கு அவர் வீட்டிலிருந்து விலை போயிருக்கிறது. இரண்டாம் பாகத்தில் அவர் விரலை மடக்கி ஊர் ஊராகத் தண்டனை கொடுக்கிறார், அவருக்கு ஒரு செலவும் இல்லை. உங்கள் அப்பா எழுந்தது அதனால்தான் என்று நான் நினைக்கிறேன். தப்பாகவும் இருக்கலாம், சர்க்கரை வியாதிக்காரர் என்றால் மூன்று மணி நேரம் உட்கார முடியாமல்கூட எழுந்திருப்பார்.

அவரிடமே கேளுங்கள். 1996இல் முதல் நாள் எந்தத் தியேட்டரில், யாரோடு பார்த்தார், எந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார் என்று. சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடுகிற நேரமாகப் பார்த்துக் கேளுங்கள், பேசுவார். அவர் சொன்னதை அப்படியே எனக்கு எழுதி அனுப்புங்கள்.