மகளுக்கு ‘ஔவை’ என்று பெயர் வைக்கலாமா?

கேள்வி: எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகிறது. எனக்கும் கணவருக்கும் ‘ஔவை’ என்ற பெயர் மிகவும் பிடித்திருக்கிறது. மாமியாரோ, “பச்சைக் குழந்தைக்குப் போய் கிழவி பேரா?” என்கிறார். பள்ளியில் ‘பாட்டி’ என்று கேலி செய்வார்களோ என்று எனக்கும் உள்ளூர ஒரு பயம். இன்னொரு குழப்பமும் இருக்கிறது. ஔவை, அவ்வை, ஒளவை என்று மூன்று விதமாக எழுதியிருப்பதைப் பார்க்கிறோம். பிறப்புச் சான்றிதழில் எதைக் கொடுப்பது? ஒரே ஔவையார்தானா, பலரா என்பதையும் சொன்னால் வீட்டில் பேச வசதியாக இருக்கும்.

பதில்: முதலில் வாழ்த்துகள். பெயரைத் தாராளமாக வையுங்கள். உங்கள் மாமியார் சொல்வதிலும் ஓர் உண்மை இருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அகராதியைப் புரட்டினால் ஔவை என்பதற்குத் தாய், மூதாட்டி, தவம் செய்யும் பெண் என்று பொருள் இருக்கும். ஆக, ‘கிழவி’ என்ற பொருள் கற்பனை இல்லை. ஆனால் அது அந்தச் சொல்லின் ஒரு கிளைதான். வேர், தாய். பக்கத்து மொழிகளைப் பாருங்கள். கன்னடத்தில் ‘அவ்வ’ என்றால் அம்மா. தெலுங்கில் ‘அவ்வ’ பாட்டி. நம் ஊர்களிலேயே தெலுங்கு பேசும் குடும்பங்களில் பாட்டியை ‘அவ்வா’ என்று கூப்பிடுவதைக் கேட்டிருப்பீர்கள். சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் ஆயர்குல மாதரியின் மகள் ஐயையைச் சொல்லும்போது ‘அவ்வை மகள்’ என்று வருகிறது. கண்ணகிக்கு அடைக்கலம் கொடுத்து, காப்பாற்ற முடியவில்லையே என்று உயிரையே விட்ட பெண்ணுக்கு அங்கே கிடைக்கும் மரியாதைச் சொல் அது.

தாய் என்று பொருள்படும் பெயரைக் கைக்குழந்தைக்கு வைப்பது நமக்குப் புதிதும் இல்லை. தாயம்மாள் என்று பெயர் வைத்திருக்கிறோம். மடியில் கிடக்கும் மகளை “என்னம்மா, பசிக்குதாம்மா?” என்றுதான் கொஞ்சுகிறோம். உங்கள் மாமியாரும் பேத்தியை ‘ஆத்தா’ என்றோ ‘அம்மா’ என்றோ ஒரு தடவையாவது கூப்பிட்டிருப்பார். ஔவை அந்த வரிசையில் வருகிற சொல்தான். இதை அவரிடம் இப்படியே சொல்லிப் பாருங்கள்.

சரி, அந்தத் தடி ஊன்றிய பாட்டி எங்கிருந்து வந்தார்? அதற்குப் பெயரைத் தாங்கியவர்களிடம் போக வேண்டும்.

ஔவையார் ஒருவர் இல்லை. தமிழ் இலக்கியத்தில் அந்தப் பெயரில் பலர் இருந்திருக்கிறார்கள். நமக்குத் தெரிந்த முதல் ஔவையார் சங்க காலத்தவர். புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4 என்று மொத்தம் 59 பாடல்கள் அவர் பெயரில் உள்ளன. சங்கப் பெண் புலவர்களில் வேறு யாருக்கும் இத்தனை பாடல்கள் இல்லை. தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் அவையில் இருந்தவர்.

என்னைக் கேட்டால், உங்கள் முடிவுக்கு வேண்டியதெல்லாம் இந்த 59 பாடல்களிலேயே இருக்கிறது. புறநானூறு 89-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எதிரி மன்னன் ஒருவன், “உங்கள் நாட்டில் போர் செய்கிறவர்களும் இருக்கிறார்களா?” என்று கேட்கிறான். பாட்டில் பேசுகிற பெண்ணை அவன் எப்படி அழைக்கிறான் தெரியுமா? ‘மடவரல், உண்கண், வாள்நுதல், விறலி’ என்று. மை தீட்டிய கண்ணும் ஒளிவிடும் நெற்றியும் கொண்ட இளம்பெண்ணே என்று அர்த்தம். அவள் கொடுக்கும் பதில் இன்னும் அழகு. அடிக்கிற கோலுக்கு அஞ்சாத பாம்பு மாதிரி இளம் வீரர்கள் எங்களிடம் உண்டு. அது மட்டுமா, மன்றத்தில் தொங்கும் முழவில் காற்று மோதி ஒலி எழுந்தாலே ‘போர் வந்துவிட்டது’ என்று எழுகிற என் தலைவனும் இருக்கிறான் என்கிறாள். இந்தக் குரலில் தள்ளாமையின் சாயல் எங்கே இருக்கிறது?

புறநானூறு 95-இல் இதே ஔவையார் அதியமானுக்காகத் தொண்டைமான் என்ற மன்னனிடம் தூது போய், அவன் ஆயுதச் சாலையைப் பார்க்கிறார். உன் ஆயுதங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசி, காவலான வீட்டுக்குள் இருக்கின்றன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்கிறார். புகழ்வது போல இருக்கும். ஆனால் யாருடைய ஆயுதம் போர் பார்த்தது என்பதைத் தொண்டைமான் முகத்துக்கு நேரேயே சொல்லிவிட்டார். தூது போன இடத்தில் இப்படிப் பேச எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

நெல்லிக்கனிக் கதை எல்லோருக்கும் தெரியும். நீண்ட நாள் வாழ வைக்கும் கனியைத் தான் உண்ணாமல் அதியமான் ஔவையாருக்குக் கொடுத்தான். அது வெறும் கதை இல்லை, அவரே புறநானூறு 91-இல் ‘சாதல் நீங்க எமக்கு ஈந்தனையே’ என்று பாடி வைத்திருக்கிறார். அதியமான் இறந்த பிறகு பாடிய 235-ஆம் பாட்டை நான் எப்போது படித்தாலும் தொண்டை அடைக்கும். கொஞ்சமாகக் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான்; நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, தானும் மகிழ்ந்து உண்பான்; நரந்தம் மணக்கும் தன் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவிக் கொடுப்பான்; அதெல்லாம் போயிற்றே என்று அழுகிற பாட்டு அது. குறுந்தொகை 28-இல் காதல் நோயில் தவிக்கும் ஒருத்தி, என் நிலை தெரியாமல் தூங்குகிற இந்த ஊரை முட்டுவேனா, தாக்குவேனா என்று கொதிக்கிறாள். இதையும் எழுதியவர் ஔவையார்தான்.

நாம் பள்ளியில் படித்த ‘அறம் செய விரும்பு’ வேறொரு ஔவையாருடையது. அவர் பல நூற்றாண்டுகள் பிந்தியவர், சோழர் காலத்தவர். ஆத்திசூடி, கொன்றை வேந்தன், மூதுரை, நல்வழி ஆகியவை அவர் பெயரில் வழங்குகின்றன. கம்பரோடும் ஒட்டக்கூத்தரோடும் சேர்த்துச் சொல்லப்படும் கதைகள் இவரைச் சுற்றித்தான். விநாயகர் அகவல், ஔவைக்குறள் போன்ற நூல்களும் ஔவையார் பெயரில் இருக்கின்றன. அவற்றின் போக்கு யோகமும் ஞானமும். மொழிநடையை வைத்துப் பார்த்தாலே சங்கப் பாட்டும் ஆத்திசூடியும் ஒரே கையிலிருந்து வந்திருக்க முடியாது என்பது புரியும்.

மக்கள் மனம் இவர்கள் எல்லோரையும் ஒருவராக்கிவிட்டது. பல நூற்றாண்டுகளை ஒரே ஆயுளில் அடக்க வேண்டுமானால் அந்த ஆள் கிழவியாகத்தான் இருக்க முடியும், இல்லையா? கூடவே, திருமணத்தைத் தவிர்க்க இளம்பெண் விநாயகரை வேண்டி முதுமையைப் பெற்றாள் என்ற கதையும் சேர்ந்துகொண்டது. முருகன் ‘சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா’ என்று கேட்ட கதையும் வந்தது. 1953-இல் வெளிவந்த ஜெமினி நிறுவனத்தின் ‘ஔவையார்’ படத்தில் கே.பி. சுந்தராம்பாள் நடித்துப் பாடிய உருவம் ஊர் முழுக்கப் பதிந்துபோனது. 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி சென்னை மெரினாவில் வைத்த சிலையும் மூதாட்டிதான். மாமியார் மனதில் இருக்கும் பாட்டி இந்த வழியாக வந்தவர்.

அந்த உருவத்தை மதித்தே, அதற்கு அப்பால் பார்த்தவர்களும் உண்டு. நல்வழியில் வரும் ‘சாதி இரண்டொழிய வேறில்லை’ என்ற வரியைப் பாரதியார் தன் பாட்டில் எடுத்தாளும்போது, ‘தமிழ்மகள் சொல்லிய சொல்’ என்கிறார். பாட்டி என்று எழுதவில்லை, மகள் என்று எழுதினார். உங்கள் மகளுக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்காது.

பெயரை வேறு வழிகளில் சுமந்தவர்களும் இருக்கிறார்கள். முத்துலட்சுமி ரெட்டி ஆதரவற்ற பெண்களுக்காக 1930-இல் தொடங்கிய இல்லத்துக்கு ஔவை இல்லம் என்றுதான் பெயரிட்டார். ஔவையார் வேடத்தில் மேடையில் வாழ்ந்து காட்டிய நாடகக் கலைஞர் தி.க. சண்முகம், அவ்வை சண்முகம் ஆனார். சென்னையில் அவர் பெயரில் ஒரு சாலையே இருக்கிறது. புறநானூற்றுக்கும் நற்றிணைக்கும் உரை எழுதிய ஔவை சு. துரைசாமிப் பிள்ளைக்கு அந்த முன்னொட்டு, திண்டிவனம் பக்கத்தில் இருக்கும் அவர் ஊரான ஔவையார்குப்பத்திலிருந்து வந்தது. அவர் மகன் ஔவை நடராசன் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். ஒரு பெண்ணின் பெயரை ஆண்கள் பெருமையாகத் தங்கள் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். வெள்ளிக் கோளில் இருக்கும் ஒரு பெரும்பள்ளத்துக்கும் ஔவையார் பெயர் இருக்கிறது. மகளுக்கு ஐந்தாறு வயது ஆனதும் சொல்லுங்கள், குதிப்பாள்.

தென்மாவட்டங்களில் ஔவையார் நோன்பு என்று ஒன்று உண்டு. செவ்வாய்க்கிழமை இரவில் பெண்கள் மட்டும் கூடி, உப்பில்லாத அரிசி மாவுக் கொழுக்கட்டை செய்து, ஔவையார் கதை சொல்லிக் கும்பிடுவார்கள். ஆண்களுக்கு, சிறுவனாக இருந்தாலும், அனுமதி கிடையாது. ‘அசந்தா ஆடி, தப்பினா தை, மறந்தா மாசி’ என்று அதற்கு ஒரு சொலவடையே இருக்கிறது. மாமியாருக்கு இந்த நோன்பு பழக்கமிருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது.

இனி எழுத்துக்கு வருவோம். ஔவை, அவ்வை இரண்டும் சரிதான். அகரத்தை அடுத்து வ் வந்தால் ஔ போலவே ஒலிக்கும் என்று நன்னூல் சொல்கிறது. இதற்குப் போலி என்று பெயர். ஐ, ஔ இல்லாமல் அய், அவ் என்றே எழுதலாம் என்று பெரியார் சொன்னதை ஏற்றுக்கொண்டவர்கள் அவ்வை என்றே எழுதுவார்கள். அதுவும் மதிக்கத்தக்க வழக்கம்தான்.

எனக்கு ஔ பிடிக்கும், காரணத்தையும் சொல்கிறேன். தமிழில் ஔ-வில் தொடங்கும் சொற்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அரிச்சுவடியில் அந்த எழுத்துக்கு எதிரே வருவது பெரும்பாலும் ஔவையார்தான். உங்கள் மகள் உயிரெழுத்து படிக்கும் நாளில், வகுப்பில் ஓர் எழுத்தே தன்னுடையது என்று அவளுக்குத் தோன்றும். ஆத்திசூடியில் ஔ-வுக்கு உரிய வரி ‘ஔவியம் பேசேல்’. பொறாமைப் பேச்சு பேசாதே என்று பொருள்.

மூன்றாவதாகச் சொன்னீர்களே, ‘ஒளவை’, அது பிழை. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஆனால் ஔ என்பது கணினியில் தனி ஓர் எழுத்து. அது கிடைக்காமல் ஒ தட்டி, பக்கத்தில் ள தட்டினால் கணினி அதை ஒ-ள-வை என்று மூன்று எழுத்தாக எடுத்துக்கொள்ளும். நாளைக்கு ஏதோ ஓர் அலுவலக இணையதளத்தில் பெயரைத் தேடினால் ‘பதிவு இல்லை’ என்று வரும். கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. தட்டிய பெயரில் முதல் எழுத்துக்கும் ‘வை’க்கும் நடுவில் கர்சரை வைத்து அழிக்கும் விசையை ஒரே முறை அழுத்துங்கள். முழு எழுத்தும் மறைந்தால் சரி. ஒ மட்டும் மிஞ்சினால் தவறு, திருத்தச் சொல்லுங்கள். சான்றிதழ் அச்சாவதற்கு முன்பே திரையில் இதைச் செய்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

ஆங்கிலத்தில் ஏ-வி-வி-ஏ-ஐ என்று எழுதுவதே என் பரிந்துரை. வெளிமாநிலத்தில் யார் படித்தாலும் ஏறக்குறைய சரியாகவே வரும். ஏ-யு-வி-ஏ-ஐ என்று எழுதினால் ‘ஆவாய்’ என்று வாசிக்கிறவர்கள் உண்டு. எதை எடுத்தாலும் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பிறகு பள்ளிச் சேர்க்கை எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கோவையாக இருக்கட்டும். அப்புறம், ‘ஔவையார்’ என்று பதிய வேண்டாம். ‘ஆர்’ மரியாதை விகுதி. அதை ஊர் தானாகச் சேர்க்கட்டும்.

பிறப்பை 21 நாளுக்குள் பதிந்திருப்பீர்கள். பெயரில்லாமல் பதிந்திருந்தால், ஓர் ஆண்டுக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்க முடியும். ஆனால் ஒரு முறை பதிந்த பெயரை மாற்றுவது பெரிய அலைச்சல். அதனால் இன்னும் பத்து மாதம் கையில் இருக்கிறது, அவசரமில்லாமல் வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

கேலியைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒன்றாம் இரண்டாம் வகுப்பில் ஆத்திசூடி நடத்தும் வாரத்தில் யாராவது ஒரு பிள்ளை ‘ஔவைப் பாட்டி’ என்று கூப்பிடத்தான் செய்யும். அந்த வாரம் வருவதற்கு முன்பே காற்று மோதிய முழவின் கதையையும், நுனி முறிந்த வேல்களின் கதையையும் அவளுக்குச் சொல்லி வைத்திருங்கள். வகுப்பில் மற்றவர்களுக்கு அந்தக் கதைகளைச் சொல்கிறவள் அவளாக இருப்பாள்.